பில்லி ஹாலிடேயைத் துயரத்திலிருந்து தொடங்காதீர்கள்

பில்லி ஹாலிடேயை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, 1939இல் பதிவான 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பர்களை அடித்துக்கொன்று மரத்தில் தொங்கவிட்டதைப் பற்றிய பாடல். இன்னொன்று 'லேடி இன் சாட்டின்'. 1958இல், சாவதற்கு ஓராண்டுக்கு முன், உடைந்துபோன குரலில் பாடிய ஆல்பம். இரண்டுமே பெரிய பதிவுகள். ஆனால் ஆரம்பிப்பதற்கு இரண்டுமே தவறான இடம்.

ஏன்? இந்த வழியாக நுழைகிறவர் பாட்டைக் கேட்பதில்லை, வாழ்க்கை வரலாற்றைக் கேட்கிறார். ஹெராயின், 1947இல் சிறை, அதன்பின் நியூயார்க்கின் இரவு விடுதிகளில் பாடும் அனுமதி பறிபோனது, 44 வயதில் மரணம். எல்லாம் உண்மைதான். ஆனா துயரப்பட்ட எல்லாரும் இப்படிப் பாடிவிடவில்லையே! 'அவள் தன் வலியைப் பாடினாள்' என்பது பாராட்டு மாதிரி தெரியும். உண்மையில் அது, அவர் யோசித்து எதையும் செய்யவில்லை, தானாக வழிந்தது என்று சொல்வதுதான். ஒரு கறுப்பினப் பெண்ணின் மூளை உழைப்பை அவருடைய காயத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

சரி, அப்போ எங்கே தொடங்குவது? 1935 ஜூலையில். அவருக்கு 20 வயது. பியானோ கலைஞர் டெடி வில்சனின் சிறு குழு. பாட்டு, 'வாட் எ லிட்டில் மூன்லைட் கேன் டூ'. வாத்தியங்கள் தலைதெறிக்க ஓடுகின்றன. அவர் மட்டும் அலட்டிக்கொள்ளாமல், சிரிப்போடு, தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வருகிறார்.

அடுத்து 1937. சாக்ஸபோனில் லெஸ்டர் யங். 'எ செயில்போட் இன் த மூன்லைட்' கேளுங்க. நிலா, படகு, காதல் என்று போகிற சாதாரணப் பாட்டு. இதையே கை லொம்பார்டோ குழு பதிவு செய்ததையும் கேளுங்க. பிறகு பில்லியிடம் திரும்பி வாங்க. மெட்டின் ஏற்ற இறக்கங்களைச் சுருக்கி, ஒரு சொல்லைத் தாமதித்து, இன்னொன்றை நீட்டி, பாட்டையே வேறாக்கிவிடுகிறார். பின்னால் யங் பதில் சொல்லிக்கொண்டே வருகிறார். அவர் குரலின் வீச்சு சிறியது. அந்தச் சின்ன இடத்துக்குள்தான் இவ்வளவும்.

'அப்போ அரசியலை ஒதுக்கச் சொல்றீங்களா?' என்று கேட்பார்கள். இல்லை. கொலம்பியா நிறுவனம் பதிவுசெய்ய மறுத்ததால், 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'டைக் கமடோர் என்ற சிறு நிறுவனத்துக்குப் பாடிக்கொடுத்தவர் அவர். அந்தப் பாட்டு நடுங்க வைப்பது ஓலத்தால் அல்ல, அடக்கத்தால். அந்த அடக்கம் நிலாவும் படகும் பாடிய காலத்திலேயே அவர் கைக்கு வந்துவிட்டது. 'லேடி இன் சாட்டி'னிலும் அப்படித்தான். குரல் போய்விட்டது, ஆனால் சொல்லை எங்கே வைப்பது என்ற கணக்கு போகவில்லை. முன்பு என்ன இருந்தது என்று தெரியாதவருக்கு, கடைசியில் என்ன மிஞ்சியது என்று எப்படித் தெரியும்?

1935, 1937, பிறகு 1939, கடைசியாக 1958. இந்த வரிசையில் போங்க. முதலில் கால் தாளம் போடட்டும், அழுகை பிறகு வரும்.