அர்த்தம் கேட்காதே, அடுத்த பக்கம் போ

ஸ்கைவிங் என்ற சொல்லுக்கு அகராதி என்ன பொருள் சொல்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. ஷூவின் மேல்பாகத்துக்காக வெட்டிய தோலின் ஓரத்தை மெஷினில் விட்டு மெலிதாகச் சீவுவது அது. சீவாமல் மடித்துத் தைத்தால் தடிப்புத் தட்டும், போடுகிறவர் காலைக் கடிக்கும். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களில் பத்தாவது தாண்டாதவர்கள்கூட இந்தச் சொல்லைப் பிழையில்லாமல் சொல்வார்கள். அப்பர், லைனிங், லாஸ்டிங், இன்சோல் எல்லாம் அப்படித்தான். யாரும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கவில்லை. நான் சேர்ந்த முதல் நாள் பக்கத்து டேபிள் அக்கா இரண்டு தோல் துண்டுகளை என் கையில் கொடுத்து, ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். "இது சீவினது, இது சீவாதது, தெரியுதா?" அவ்வளவுதான் பாடம்.

பத்தொன்பது வருடமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். படிப்பு பிளஸ் டூ. மகள் ஒன்பதாம் வகுப்பு. போன மாதம் அவள் பள்ளியிலிருந்து கடினச் சொற்கள் என்று இருபது சொற்களின் பட்டியல் கொண்டுவந்தாள். எதிரெதிரே பொருள் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை தேர்வு, இருபதுக்குப் பதினெட்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டே கேட்டேன், ஏழு சொல் நினைவிருந்தது. அந்த ஏழில் ஒன்று புரவி. அது பட்டியலால் நின்ற சொல் இல்லை. அதற்கு முன்பே ஜெயமோகனின் 'முதற்கனல்' நாவலில் புரவிகள் அவள் எதிரே எத்தனையோ முறை ஓடிவிட்டன. புரவி என்றால் குதிரை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஒருவன் அதன் மீது ஏறினான், அது கனைத்தது, குளம்புச் சத்தம் கேட்டது. வேறென்னவாக இருக்க முடியும்? சூதர், சேடி என்ற சொற்களும் அப்படியே வந்து ஒட்டிக்கொண்டன.

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கடினமான சொற்களைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டுமானால் மாயக் கதைகளை, அதுவும் தடியான மாயக் கதைகளை, சொல்லைக் குறைக்காமல் அப்படியே கையில் கொடுங்கள். இந்த வகைக்கு இப்போது மிகுபுனைவு என்று பெயர் சொல்கிறார்கள். எனக்கு மாயக் கதை என்றே வாய்க்கு வருகிறது.

எங்கள் நைனா தோல் ஷாப்பில் டிரம் ஓட்டியவர். குரோம் ஏறிய ஈரத்தோலை வெட் ப்ளூ என்பார்கள். அந்த நீலச் சாயல் அவர் நகக்கண்ணில் எப்போதும் இருக்கும். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. ஆனால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த அம்புலிமாமா இதழ்களைச் சணல் கயிற்றில் கட்டி வாங்கி வருவார். 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய பத்திரிகை. எங்கள் வீட்டுக்கு வந்தபோது அட்டை கிழிந்து, மாதமும் வருடமும் தெரியாமல் வந்தது. விக்கிரமாதித்தன் தோளில் பிணத்தோடு நடக்கும் ஓவியர் சங்கரின் படத்தை வைத்துக்கொண்டு நைனா எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பார். அந்தக் கதை ஒவ்வொரு மாதமும் ஒரே மாதிரிதான் தொடங்கும். பத்து இதழ் கேட்ட பிறகு தொடக்கத்தை நாங்களே சொல்லிவிடுவோம், அதிலிருந்த சொற்கள் எங்களுடையவை ஆகியிருக்கும். தீபாவளிக்கு முன் போனஸ் பேச ஆட்கள் கேட்டுக்கு வெளியே கூடினால், "மந்திராலோசனை நடக்குது" என்பார் நைனா. ராஜாவின் அரண்மனையில் நடந்த ஒன்றை டீக்கடை வாசலுக்கு அவரே கொண்டுவந்துவிட்டார்.

கம்பெனியில் என்னோடு இருந்த ஆபா உருது பேசும் வீட்டுக்காரர். சாப்பாட்டு நேரத்தில், அவருடைய பாட்டி சொன்ன அமீர் ஹம்ஸா கதைகளைத் தமிழில் எங்களுக்குச் சொல்வார். லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1883 தொடங்கி 46 தொகுதிகளாக அச்சிட்ட கதைக்கடல் அது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். அதில் அம்ரு என்றொரு அய்யார், தந்திரக்காரன். அவனிடம் ஜம்பீல் என்று ஒரு பை இருக்கிறது. எதைப் போட்டாலும் கொள்ளும். ஊர்களே அதற்குள் இருக்கின்றன. பிறகு எங்கள் டேபிளில் டிபன், தண்ணீர் பாட்டில், பிள்ளையின் மருந்துச் சீட்டு, மாற்றுச் சேலை எல்லாம் அடைத்துக் கொண்டுவரும் பைக்கு ஜம்பீல் என்றே பெயர் விழுந்தது. உருது தெரியாத பத்துப் பெண்கள் இன்றும் அந்தச் சொல்லைச் சொல்கிறோம். ஆபா ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது.

இப்போது 'விஷ்ணுபுரம்' பற்றிச் சொல்ல வேண்டும். 1997இல் வெளிவந்த ஜெயமோகன் நாவல். நூலகத்தில் இரண்டு முறை எடுத்து, இரண்டு முறையும் ஐம்பது பக்கத்தில் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது முறை, பிரசவ விடுப்பில், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு படித்தேன். ஹரிததுங்கா என்ற மலையடியில் ஒரு கோயில் நகரம். பூமியில் எங்கும் இல்லாத நகரம். அங்கே பிரம்மாண்டமான விஷ்ணு படுத்திருக்கிறார். யுகத்துக்கு ஒருமுறை புரண்டு படுப்பார் என்பது நம்பிக்கை. ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பாகம். தர்க்கம், ஞானசபை என்று பண்டிதர்கள் வாதம் செய்யும் பக்கங்களில் எனக்குப் பாதி புரியவில்லை. நான் நிற்கவில்லை. நிற்காமல் போனதால், முப்பது பக்கம் தள்ளி அதே சொல் இன்னொருவர் வாயில் வந்தபோது புரிந்தது.

அந்த நகரத்தை ஒட்டி ஓடும் ஆறு சோனா. சிவந்த நீர். அந்த இடத்தில் எனக்கு ஒரு வரியும் தடுக்கவில்லை. பாலாற்றங்கரையில் வளர்ந்தவளுக்கு நிறம் மாறிய தண்ணீரை விளக்க வேண்டுமா? பேரில்தான் பால். தோல் ஷாப்புகளின் வாய்க்கால் கலக்கும் இடத்தில் நான் பார்த்த தண்ணீர் பழுப்பு, சில நாள் நீலம். கொஞ்ச நாள் கழித்துத் திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போகும்போது ஒரு கடைப் பலகையில் சோணாசலம் என்ற பெயரைப் பார்த்தேன். சிறு வயதிலிருந்து கேட்ட பெயர்தான். அன்றைக்குத்தான் அது பிரிந்தது. சோணம் என்றால் சிவப்பு. அசலம் மலை. அருணாசலம் என்றாலும் அதே சிவந்த மலைதான். இல்லாத ஒரு ஊரின் ஆறு, எங்கள் பக்கத்து ஊர் மலையின் பெயருக்கு அர்த்தம் சொல்லிவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

இன்னொன்றும் உண்டு. வேதம் படித்தவர்கள் விஷ்ணு என்று வணங்கும் அந்தப் பெரிய உருவத்தை அந்த மலைக் குடிகள் தங்கள் மூதாதையாகக் கும்பிடுகிறார்கள். அவர்கள் வைத்த பெயர் பெருமூப்பன். அத்தனை வடமொழிச் சொற்களையும் கடந்து வந்த என் முன்னால் அந்தப் பெயர் வந்தது, எந்த விளக்கமும் கேட்காமல். புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஒரே கல்லுக்கு இரண்டு பெயர். யார் வைத்தது ஊர்ப் பெயராகிறது, யார் வைத்தது மலையிலேயே நின்றுவிடுகிறது என்ற கேள்வியை எந்தச் சொற்பட்டியலும் என்னிடம் கேட்டதில்லை.

ஏன் மாயக் கதை, மற்றக் கதைகள் போதாதா என்று கேட்கலாம். நானும் மற்றக் கதைகள் படிக்கிறவள்தான். ஆனால் சில நாவல்களில் ஒரு தெருவும் ஒரு சமையலறையும் அங்கே வாழ்ந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த சொற்களில் வரும். எழுதியவர் விளக்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். அந்த வீட்டு வாசலிலேயே நான் நின்றுவிட்டிருக்கிறேன். மாயக் கதையில் அந்த வாசல் இல்லை. வேதாளத்தைப் பேராசிரியர் மகளும் பார்த்ததில்லை, தோல் ஷாப்காரர் மகளும் பார்த்ததில்லை. புரண்டு படுக்கும் சாமியை யாருமே பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறவர் ஒவ்வொன்றையும் சொல்லாலேயே கட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது. சுவர், வாசனை, படி, வெளிச்சம் எல்லாம். கடினமான சொல் வந்தாலும் அதைச் சுற்றி அதன் வேலையும் வந்துவிடுகிறது. அந்த ஊருக்கு எல்லோருமே புதியவர்கள்.

சொல்லை எளிமையாக்கினால்தானே பிள்ளைகள் படிப்பார்கள் என்று அக்கறையோடு சொல்பவர்கள் உண்டு. அரசுப் பள்ளிகளில் 2023இல் வந்த வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. அழகான ஏற்பாடு. எழுத்துக் கூட்டத் திணறிய என் தங்கை மகன் அவற்றால்தான் படிக்கத் தொடங்கினான். என் கேள்வி பற என்பதற்கு அடுத்தது பற்றி. பறக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை எங்கே போய் உட்காரும்? என் மகள் ஏழாவதில் 'பனிமனிதன்' படித்தாள். சிறுவர் மணியில் தொடராக வந்த நாவல், இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகும் கதை. முடித்த இரவே அடுத்தது என்ன என்று கேட்டாள். பள்ளி அலமாரியில் அவள் உயரத்துக்கு எதுவும் இல்லை.

அகராதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எங்கள் வீட்டில் இருக்கிறது. சொல்லை வாக்கியத்தில் வைத்துக் காட்டுவதால் எனக்குப் பிடிக்கும். எங்கள் வீட்டு வழக்கம் இதுதான்: ஒரு சொல் நான்கைந்து முறை வந்தும் பிடிபடாவிட்டால்தான் அகராதி. அதற்கு முன் "ம்மா, இதுக்கு என்னா அர்த்தம்?" என்று வந்தால், "நிக்காத, படிச்சிக்கினே போ" என்பேன்.

தோலை ஊறப்போட்டு, சுண்ணாம்பு காட்டி, முடியும் சதையும் எடுத்து, பிறகுதான் சரக்கு ஏற்றுவார்கள். நைனாவின் அப்பா காலத்தில் அது ஆவாரம்பட்டை. நாள்கணக்கில் குழியில் கிடக்கும். ஊறாத தோலில் எதைப் போட்டாலும் உள்ளே இறங்காது என்பார் நைனா. இதைப் பதனிடுதல் என்கிறோம். போன வருடம் மகளின் இலக்கணப் பாடத்தில் பகுபதம், பகாபதம் என்று படித்தேன். பதம் என்றால் பக்குவம் என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். சொல்லுக்கும் பதம் என்றே பெயராம். நைனா இருந்திருந்தால் அன்று ராத்திரியே ஃபோன் போட்டிருப்பேன்.

செக்கிங் டேபிளில் நிற்பவளுக்கு இத்தனை சொல் எதற்கு? எங்கள் ஆற்றையும் கிணறுகளையும் தோல் ஷாப் கழிவு கெடுத்தது பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு, இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. 2025 ஜனவரியில் அதே வேலூர் மாசு பற்றி மறுபடியும் தீர்ப்பு வந்தது. நம் கிணற்றைப் பற்றி எழுதியதை நம்மில் எத்தனை பேர் முழுதாகப் படித்தோம்? இரண்டாவது தீர்ப்புச் செய்தி வந்த அன்று நான் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தேன். தெரியாத சொல் வந்தால் பயந்து பேப்பரை மடிக்காமல் அடுத்த வரிக்குப் போகும் பழக்கம் எனக்குச் சட்டப் புத்தகத்தில் வந்ததல்ல. விஷ்ணுபுரத்துப் பண்டிதர்களின் வாதத்தில் முட்டி மோதி வந்தது.

அதனால் கேட்கிறேன். உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் தடியான மாயக் கதைகளுக்கு ஒரு தட்டு ஒதுக்குங்கள். அதற்குத் தேர்வு வைக்காதீர்கள், பின்னால் சொற்பொருள் அச்சடிக்காதீர்கள். இன்னொன்று நூலக நேரம். நான் வேலை முடிந்து இறங்கும்போது எங்கள் பக்கத்து நூலகம் பூட்டியிருக்கிறது. 1948இல் சட்டம் போட்டு நூலகத்துக்கென்றே வரி வாங்கும் மாநிலம் இது. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா அதற்காக நானும் கட்டுகிறேன். ஷிப்ட் விட்டு வரும் பெண்கள் புத்தகம் மாற்ற, வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டரை வரை விளக்கு எரியட்டும்.

மகள் 'முதற்கனல்' முடித்துவிட்டாள். அது முதலாவதாக வரும் நாவல் வரிசையில் இன்னும் இருபத்தைந்து இருக்கின்றன. நடுவில் 'விஷ்ணுபுர'த்தைக் கையில் எடுத்திருக்கிறாள். நூறாவது பக்கம் தாண்டிவிட்டது. சோனா என்றால் என்ன என்று இதுவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போவது எங்கள் வீட்டில் வழக்கம். இந்தத் தடவை பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை அவளுக்கு விட்டுவிடுவேன்.