கல்ச்சர் பாக்கெட்டை இருபது முறை திறக்காதீர்கள்

கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் பல ஆண்டுகளாகச் சீஸ் தயாரிக்கிறார்கள். இப்போது சமவெளியில் நாலைந்து மாடு வைத்திருப்பவர்களும், பாலாக விற்றுக் கட்டுப்படியாகவில்லை என்று அதைப் பற்றி விசாரிக்கிறார்கள். எந்தத் தொட்டி, எந்த அச்சு, எங்கே விற்கலாம் என்றெல்லாம் கேட்கிறார்கள். வாங்கிய கல்ச்சர் பொடியை எப்படி வைப்பது என்று யாரும் கேட்பதில்லை. ஃப்ரீசரில் போட்டால் போதும் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் மழைக்காலத்திலேயே பால் நஷ்டமானது.

நம் வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுகிறோமே, அதே வேலையைத்தான் சீஸ் பாலில் கல்ச்சர் பொடி செய்கிறது. உயிருள்ள பாக்டீரியாவை உறைய வைத்து, வெற்றிடத்தில் அதிலுள்ள பனிக்கட்டியை நேரடியாக ஆவியாக்கி எடுத்த பொடி அது. தண்ணீர் போய்விட்டதால் உயிர் உறங்குகிறது, சாகவில்லை. நெல் விதையைக் காயவைத்துச் சேமிக்கிறோமே, அதே கணக்கு. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று விதைக்காரர்கள் சொல்வார்கள். இந்தப் பொடி விதையைவிட மோசம். காற்றில் உள்ள ஈரத்தை அப்பளத்தைப் போல இழுத்துக்கொள்ளும். அப்பளம் நமுத்தால் வெயிலில் வைத்துப் பொரிக்கலாம். இது நமுத்தால், உள்ளே உள்ள உயிர் முழுதாக விழிக்கத் தண்ணீர் போதாது, பழையபடி உறங்கவும் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். திரும்பக் காயவைத்தாலும் பிழைக்காது.

சரி, ஈரம் எங்கிருந்து வருகிறது? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மைனஸ் 18 டிகிரியில் இருந்த பாக்கெட்டை எடுத்த கையோடு பிரித்தால், உள்ளே இருக்கும் குளிர்ந்த பொடியின் மேலும் அப்படித்தான் காற்றின் ஈரம் படியும். பாலின் ஆவி அறையெல்லாம் பரவியிருக்கும் நேரத்தில்தான் நாம் பாக்கெட்டைப் பிரிக்கிறோம். ஈர ஸ்பூனை விட்டுக் கொஞ்சம் எடுத்துவிட்டு, வாயை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு மறுபடி ஃப்ரீசரில் வைக்கிறோம். அடுத்த வாரமும் இதே கதை.

என் பார்வையில் கோளாறு நம் கவனக்குறைவில் மட்டும் இல்லை, பாக்கெட்டின் அளவிலும் இருக்கிறது. இவை பெரும்பாலும் நூறு, ஐந்நூறு, ஆயிரம் லிட்டர் பாலில் ஒரே தடவையில் கொட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. நம்மிடம் இருப்பது இருபது, முப்பது லிட்டர். திறந்த பாக்கெட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள் என்று கம்பெனிக்காரர் எழுதியிருப்பது நியாயம்தான். ஆனால் மீதியைக் குப்பையில் போடச் சிறு விவசாயிக்கு மனசு வருமா? விற்பவர்கள் இருபது லிட்டருக்கான சிறு பொட்டலம் கொண்டுவர வேண்டும். அதுவரை நமக்குள்ள வழி, ஒரே முறை திறந்து, ஒரே முறையில் பிரித்து வைப்பது.

மழை இல்லாத, காற்று உலர்ந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். ஏசி அறை கிடைத்தால் இன்னும் நல்லது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாக்கெட்டைப் பிரிக்காமல் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள். அறைச்சூட்டுக்கு வந்த பிறகு, மேற்புறத்தைத் துடைத்துவிட்டு, நன்றாகக் குலுக்கிப் பிரியுங்கள். ஒரு பாக்கெட்டில் பல வகை பாக்டீரியா கலந்திருக்கும். குலுக்காவிட்டால் ஒரு பங்கில் ஒன்று கூடும், இன்னொன்றில் குறையும். ஸ்பூன் கணக்கு வேண்டாம், நகை எடை போடுவது போன்ற சிறிய டிஜிட்டல் தராசில் நிறுத்து, ஒரு நாள் பாலுக்கு ஒரு புட்டி என்று, சுத்தம் செய்து முற்றிலும் காயவைத்த சிறு கண்ணாடிப் புட்டிகளில் போட்டு இறுக மூடுங்கள். மெல்லிய பாலித்தீன் கவர் போதாது. எல்லாப் புட்டிகளையும் காற்றுப் புகாத ஒரு டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன், பெயரும் தேதியும் எழுதி ஃப்ரீசரின் பின்பக்கம் வையுங்கள். கதவோரம் வேண்டாம். சிலிக்கா ஜெல் வாங்கும்போது ஆரஞ்சு நிறத்தைக் கேளுங்கள். நீல நிறத்தில் இருப்பது கோபால்ட் சேர்ந்தது, உணவுப் பக்கம் ஆகாது. மின்வெட்டின்போது ஃப்ரீசரைத் திறந்து பார்க்காமல் இருந்தாலே பாதி காப்பாற்றியாயிற்று.

நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பாக்கெட் வாங்கி, ஒரே நாளில் பங்கு போட்டுக்கொண்டால் செலவும் குறையும். உழவர் உற்பத்தியாளர் குழுக்களும், பயிற்சி தரும் அலுவலர்களும் இதை ஏற்பாடு செய்து தரலாம். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. அலுவலர்கள் இன்னொன்றையும் சொல்லிவிடுவது நல்லது. அசோஸ்பைரில்லம், ரைசோபியம் பொட்டலங்கள் ஈரமாகவே இருக்க வேண்டியவை. அந்தப் பழக்கத்தில் கல்ச்சரையும் நிழலில் அலமாரியில் வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

இதில் போவது பால் மட்டும் இல்லை. பத்து லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய ஒரு கிலோ கெட்டிச் சீஸ்தான் கிடைக்கும். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம். கல்ச்சர் வலுவிழந்து பால் மெதுவாகப் புளிக்கும்போது, வேண்டாத கிருமிகளுக்கு நேரம் கிடைக்கிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி உண்டாக்கும் நஞ்சு, பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் லேசில் அழியாது. வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு வாந்தி வந்தால் உங்கள் பெயர் அதோடு போயிற்று.

சந்தேகம் வந்தால் தொட்டியில் ஊற்றாதீர்கள். காய்ச்சி ஆறிய பால் ஒரு டம்ளர் எடுத்து, முப்பது டிகிரியில் வளரும் வகையானால் அந்தச் சூட்டிலும், நாற்பது டிகிரி வகையானால் அந்தச் சூட்டிலும் ஒரு சிட்டிகை கலந்து, சூடு குறையாமல் இரவில் வையுங்கள். காலையில் கெட்டியாக, சுத்தமான புளிப்பு வாசனையோடு இருந்தால் கல்ச்சர் உயிரோடு இருக்கிறது. உறையவில்லையா? உடனே கல்ச்சரைப் பழிக்க வேண்டாம். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலிலும் இதே மாதிரி ஆகும். அதே பாலில் புதுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளரில் போட்டுப் பாருங்கள். புதியது உறைந்து பழையது உறையாவிட்டால் பொடி போயிற்று. இரண்டுமே உறையவில்லை என்றால் தொழுவத்துக்குப் போய், எந்த மாட்டுக்கு எப்போது ஊசி போட்டோம் என்று பாருங்கள்.