உலக உறவும் அயல்வீட்டு உறவும்

உலகத் தமிழ் மாநாடு என்றவுடன் நம்மில் பலர் நினைவிற்கு வருவன ஊர்வலமும் தோரணமும் சிலைகளுமே. 1968ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் பொலிவு அத்தகையது. ஆயின், அம்மாநாடுகளை ஈன்ற உலகத் தமிழாராய்ச்சி மன்றம் ஆரவாரத்திற்கெனப் பிறந்ததன்று. 1964 ஜனவரியில், புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு நிகழ்ந்தபொழுது, தனிநாயகம் அடிகளார் முயற்சியால் அது தோன்றிற்று. பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா தலைமை ஏற்றார். நாடு கடந்த அறிவுப் பரிமாற்றமே அதன் குறிக்கோள்.

பரிமாற்றம் என்பது கொடுத்தலும் கொள்ளலும் ஆம். மைசூர் விஜயநகரில் வாழும் நாம் எதைக் கொடுத்தோம்? எதைக் கொண்டோம்? கம்பனைப் போற்றுகின்றோம்; இவ்வூரிலேயே வாழ்ந்து, ‘ஸ்ரீ ராமாயண தர்சனம்’ இயற்றி, 1967ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசு பெற்ற குவெம்புவை நம்மில் எத்துணைப் பேர் படித்துள்ளோம்? தமிழ் எழுத்தறியா நம் சிறார் கன்னட நண்பர்க்குக் கம்பனை எங்ஙனம் காட்டுவர்?

கன்னடம் கற்றால் தமிழ் தேயும் என்பார் உளர். பொருந்தாக் கூற்று அது! பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியில் தமிழின் ‘கல்’லும் கன்னடத்துக் ‘கல்லு’ம் ஒரே பதிவில் உடன்பிறப்புகளாய் நிற்கின்றன. கடல்கடந்த அறிஞர் கண்ட உறவை அயல்வீட்டார் காணாதிருத்தல் நாணத்தக்கது.

ஆண்டுவிழா மாலைக்கும் மேடைக்கும் ஆகும் பொருளில் ஒரு பகுதியேனும் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பிற்கும், கன்னட நூல்களைக் கூடிப் படித்தற்கும் செல்க. உலக உறவு நம் தெருவிலேயே தொடங்குக!