மரிக்கார் ராமதாஸ் என்றோர் அயலவர்

உலகெங்கும் நகைச்சுவைத் தொடர்களில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார். அழைக்காமலே உள்ளே வருவார், விசித்திரமாகப் பேசுவார், கதாநாயகனை மறந்துவிடும் நேயர்கள் அவரை மட்டும் மறக்கமாட்டார்கள். அமெரிக்காவில் 1989 முதல் 1998 வரை ஒளிபரப்பான 'சைன்ஃபெல்ட்' தொடரில் மைக்கல் ரிச்சர்ட்ஸ் நடித்த கிரேமர் அத்தகையவர். இலங்கைத் தமிழருக்கு அப்படியோர் அயலவர் யார் என்று கேட்டால், அறுபது வயதைக் கடந்தவர்கள் பலரும் தயங்காமல் சொல்லும் பெயர் ஒன்று உண்டு. அது மரிக்கார்.

மரிக்கார் தொலைக்காட்சியில் பிறந்தவரல்லர். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர் இத்தகைய அயலவர்கள் வானொலிப் பெட்டி வழியாகவே நமது வீடுகளுக்குள் வந்தார்கள். எழுபதுகளில் இலங்கை வானொலியில் வாராவாரம் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரை எழுதியவர் எஸ். ராமதாஸ். மரிக்காராக நடித்தவரும் அவரே. யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக டி. ராஜகோபாலும், சிங்களவரான உபாலியாக எஸ். செல்வசேகரனும், ஐயராக பி. எச். அப்துல் ஹமீதும் நடித்தார்கள். அத்தொடருக்குக் கிடைத்த வரவேற்பினால், எஸ். ராமநாதனின் இயக்கத்தில் 'கோமாளிகள்' என்ற திரைப்படம் 1976இல் வெளிவந்தது.

இந்த நடிகர் பட்டியலை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். இந்துவான ராமதாஸ் முஸ்லிமாக நடிக்கிறார். முஸ்லிமான அப்துல் ஹமீத் ஐயராக நடிக்கிறார். தமிழரான செல்வசேகரன் சிங்களவராக நடிக்கிறார். இன்று ஒரு தொலைக்காட்சி நிறுவனம் இத்தகைய ஏற்பாட்டைச் செய்தால் எத்தனை திசைகளிலிருந்து கண்டன அறிக்கைகள் வரும் என்று எண்ணிப் பாருங்கள். அன்று நேயர்கள் கொடுத்தவை பட்டப்பெயர்கள். ராமதாஸ் 'மரிக்கார் ராமதாஸ்' ஆனார். செல்வசேகரன் 'உபாலி செல்வசேகரன்' ஆனார். எந்தப் பிறப்புப் பதிவாளரும் எழுதியிராத பெயர்கள் இவை. செல்வசேகரன் 2012இலும், ராமதாஸ் 2016இல் சென்னையிலும் காலமான போதும் மக்கள் அவர்களை அப்பெயர்களாலேயே நினைவுகூர்ந்தார்கள்.

பிறரது பேச்சைப் பாவனை செய்வது எளிய காரியமன்று. மேற்குக் கரையோர முஸ்லிம்களின் பேச்சில் 'இருக்கிறது' என்பது 'ஈக்குது' என்றாகும். வாப்பா, உம்மா, நானா, ராத்தா என்ற உறவுப் பெயர்கள் இயல்பாக வந்து விழும். பேச்சுச் சிங்களத்திலோ நான், நீ, அவன் என்பதற்கேற்ப வினைமுற்று மாறுவதில்லை. ஆகவே தமிழ் பேச முயலும் சிங்களவர் நமது விகுதிகளில் இடறுவார். இவற்றைப் புத்தகத்தில் படித்து நடித்துவிட முடியாது. காது பழக வேண்டும். கொலன்னாவை, வெல்லம்பிட்டி, தெமட்டகொடை போன்ற பகுதிகளில், மூவினத்தவரும் மதிலுக்கு மதில் வாழும் ஒழுங்கைகளில், காது தானாகவே பழகிவிடும். ஓரினத்தவர் மாத்திரம் வாழும் வீதியிலிருந்து இத்தகைய நாடகம் பிறந்திருக்காது.

இது கேலியல்லவா என்று இளைய தலைமுறையினர் கேட்கக்கூடும். கேட்கத்தான் வேண்டும். 'சிம்ப்சன்ஸ்' தொடரில் இந்தியக் கடைக்காரரான அப்புவுக்குப் பல்லாண்டு காலம் குரல் கொடுத்த ஹாங்க் அசாரியா, இந்திய வம்சாவளியினரின் விமர்சனங்களுக்குப் பின்னர் 2020இல் அப்பணியிலிருந்து விலகினார். அது நியாயமே. அங்கே பெரும்பான்மை சிரித்தது. திரும்பிச் சிரிக்கச் சிறுபான்மைக்கு இடமிருக்கவில்லை. கோமாளிகளில் கேலி வட்டமாகச் சுற்றி வந்தது. மரிக்காரைக் கேட்டுச் சிரித்த யாழ்ப்பாணத்தவர் அடுத்த கணமே அப்புக்குட்டியைக் கேட்டு, அதாவது தம்மைக் கேட்டே, சிரிக்க நேர்ந்தது. எனினும் இவ்வாதத்தை நான் எல்லை வரை கொண்டுசெல்லமாட்டேன். எழுதுகோல் ஒருவர் கையிலேயே இருந்தது. மேலும், 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின்னர் அரச அலுவலகங்களில் சிங்களத்தில் திணறிய தமிழருக்கு, வானொலியில் ஒரு சிங்களவர் தமிழில் திணறுவதைக் கேட்பதில் சிறிய ஆறுதலும் இருந்திருக்கும்.

இனி, இச்சிரிப்பின் பின்கதை. படம் வெளிவந்த மறு ஆண்டே, 1977 ஆகஸ்டில், தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் வாகனங்களை மறித்தவர்கள், வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லித் தமிழரை அடையாளம் கண்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உபாலியின் இடறல் சிரிப்பை வரவழைத்த அதே நாட்டில், தமிழரின் இடறல் உயிரைப் பறித்தது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது சில மணி நேர அவகாசமே. அப்புக்குட்டியின் ஊரில் மரிக்காருக்கு இடமில்லாமற் போயிற்று. 2020 முதல் 2021 பெப்ரவரி வரை, கொவிட் தொற்றினால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள், குடும்பத்தவர் கதறக் கதற எரியூட்டப்பட்டன.

ஆகவே, கோமாளிகள் காலத்தில் நாமெல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்தோம் என்று பெருமூச்சு விடும் கட்டுரைகளை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தச் சிரிப்பு எவரது வீட்டையும் காப்பாற்றவில்லை. எல்லோரும் விரும்பிய அயலவரான கிரேமராக நடித்த ரிச்சர்ட்ஸ், 2006இல் லொஸ் ஏஞ்சல்ஸ் மேடையொன்றில் கறுப்பினத்தவர்களை இனத்துவேஷச் சொற்களால் ஏசினார். நல்ல அயலவராக நடிப்பதும் நல்ல அயலவராக வாழ்வதும் வெவ்வேறு.

அப்படியானால் ராமதாஸின் நாடகத்தால் பயனில்லையா? உண்டு. 1983இல் தமிழ்க் குடும்பங்களைத் தமது வீடுகளில் மறைத்து வைத்த சிங்களவர்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்களுள் பலர் எந்தக் கொள்கையையும் படித்து அதைச் செய்தவர்களல்லர். கதவைத் தட்டிய குரல் அவர்களுக்குத் தெரிந்த குரலாயிருந்தது. அந்தத் தெரிதலைத்தான் ராமதாஸ் வாரந்தோறும் வானொலியில் வளர்த்தார். ஒரு நாடகத்தால் கலவரத்தைத் தடுக்க இயலாது. ஆனால் பழகிய குரலை வெறுப்பது பழகாத குரலை வெறுப்பதைப் போல அத்தனை இலகுவன்று.

இன்று நமது தமிழ் ஊடகங்களில் முஸ்லிம்கள் பெரும்பாலும் நோன்பு கால நிகழ்ச்சிகளில் தோன்றுகிறார்கள். சிங்களவர்கள் செய்திகளில் தோன்றுகிறார்கள். மலையகத் தமிழர்கள் சம்பளப் போராட்டம் நடந்தால் தோன்றுகிறார்கள். எவரும் எவரையும் பாவனை செய்வதில்லை. இதை நாகரிகம் என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கு இது அந்நியமாதலாகவே படுகிறது.

மீண்டும் ஒரு கோமாளிகள் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் இம்முறை அதை ஒருவர் எழுதக்கூடாது. கொழும்பு முஸ்லிம் ஒருவரும், மலையகத்தவர் ஒருவரும், யாழ்ப்பாணத்தவர் ஒருவரும், தமிழ் கற்ற சிங்களவர் ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுத வேண்டும். அவர்களுள் பெண்களும் இருக்க வேண்டும். தன் சமூகத்தைப் பற்றிய கேலி எல்லை மீறினால், அங்கேயே தடுத்துச் சொல்ல ஆளிருக்கும்.

டொரொண்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்து இதை வாசிக்கும் நண்பர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எந்த நாட்டவராயினும், அவர் பேசுவதைப் போலப் பேசிக் காட்ட உங்களால் முடியுமா? அதைக் கேட்டு அவரும் சேர்ந்து சிரிப்பாரா?