சன்னலோரத்துச் சிறுவன்



சென்ற மாதம் ஒரு தந்தை தம் பத்து வயது மகனுடன் நம் பங்கு இல்லத்திற்கு வந்திருந்தார். எல்லாப் பாடங்களிலும் முதன்மை பெற்ற மதிப்பெண் அட்டை அவர் கையில் இருந்தது. "சாமி, இவனுக்குச் சேர்க்கை என்பதே கிடையாது. புத்தகம் ஒன்றே கதி. தெருவில் கால் வைக்க விடமாட்டேன்" என்று பெருமையோடு கூறினார். நாமும் சிறுவனைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டோம். அவர்கள் சென்ற பின்னரே ஒன்று நம் நினைவில் உறுத்தியது. பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அச்சிறுவனின் கண்கள் வெளியே பந்தாடிக்கொண்டிருந்த பிள்ளைகள்மேலேயே இருந்தன.

அன்றிரவு கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் புரட்டினோம்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த இராமானுஜன், கும்பகோணத்தில் வளர்ந்தார். அவருக்கு அடுத்துப் பிறந்த குழந்தைகள் மழலைப் பருவத்திலேயே மறைந்தமையால், பத்து வயது வரை வீட்டில் ஒற்றைப் பிள்ளை. பெற்றோர் வெளியே அனுப்பத் தயங்குவர். தெருவை நோக்கிய சன்னல் வழியாகவே அவர் தோழரோடு பேசுவார். விளையாட்டிலும் நாட்டமில்லை. கணக்கில் மட்டும் அவருக்கு நிகரில்லை. 1897-இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார்.

பள்ளித் தேர்வொன்றில், கணக்கில் அவருக்கு 45-க்கு 42 கிடைத்தது. தோழன் சாரங்கபாணிக்கோ 43! இராமானுஜனால் அதைத் தாங்க இயலவில்லை. தோழனோடு பேச மறுத்தார். மற்றப் பாடங்களில் நீதானே முந்தியிருக்கிறாய் என்று அத்தோழன் தேற்றியும் பயனில்லை. அழுதுகொண்டே தாயிடம் ஓடினார்.

ஒரே ஒரு மதிப்பெண்! இதைப் பொறாமை என்று தள்ளிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. தனித்து வளரும் அறிவுள்ள குழந்தைக்கு, அவ்வறிவு ஒன்றே சொத்து. அது இல்லாவிடினும் தன்னை ஒருவர் விரும்பக்கூடும் என்பதை அக்குழந்தை அறியாது. ஆகையால் ஒரு மதிப்பெண் குறைந்தால் உலகமே தன்னைக் கைவிட்டதாக அஞ்சுகிறது. தோற்றுப்போன அன்றே தேற்ற வந்தவனும் ஒருவன் உண்டென்பது அதன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

காலம் இராமானுஜனுக்கு வேறு பாடம் வைத்திருந்தது. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் செல்லாமையால் கல்லூரி உதவித்தொகை பறிபோயிற்று. பட்டமும் கிட்டவில்லை. வேலை தேடிச் சென்னையில் அலைந்த நாள்களில் கடும் நோய் கண்டது. அப்போது அவரை ஏற்றுப் பேணியவர் பழைய நண்பர் இராதாகிருஷ்ண ஐயர். மருத்துவரிடம் காட்டி, ஊருக்கு இரயிலேற்றி அனுப்பியவரும் அவரே. புறப்படுகையில் இராமானுஜன் தம் கணக்கு நோட்டுப் புத்தகங்களை அந்நண்பரிடம் கொடுத்து, தாம் இறக்க நேர்ந்தால் அவற்றை இன்ன பேராசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு வேண்டிக்கொண்டார். ஒரு மதிப்பெண்ணுக்காகத் தோழனை வெறுத்த சிறுவன், வளர்ந்தபின் தன் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் ஒரு நண்பனின் கையில் வைத்தான்! இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கற்றவற்றுள் இதுவும் ஒன்று.

1914-இல் அவர் இங்கிலாந்து சென்றார். அவருடைய கணிதத்தின் உயரத்தை உணர்ந்து அழைத்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி. எனினும், இரவில் குளிர் தாங்காமல் மேலங்கியை அணிந்து, சால்வையைச் சுற்றிக்கொண்டு அவர் உறங்கியதைக் கேட்டறிந்தவர் மற்றொருவர். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த மகலனோபிஸ், அன்று அங்கே மாணவர். அவர் நண்பரின் படுக்கையைச் சென்று பார்த்தார். மெத்தையின் ஓரங்களில் செருகப்பட்டுக் கம்பளிகள் இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்பதை இராமானுஜன் அறியாமல், மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். எண்களின் மறைபொருளைக் கண்டவருக்கு, கம்பளியை விலக்கிக் காட்ட ஒரு நண்பன் தேவைப்பட்டான்.

பழைய புண் முற்றிலும் ஆறிவிட்டதென்றும் சொல்வதற்கில்லை. அங்கே ஒருநாள் தாமே சமைத்து நண்பர்க்கு விருந்திட்டார். விருந்தினராய் வந்த பெண்மணிகள் மூன்றாம் முறை ரசம் வேண்டாம் என்றதும், மனம் புண்பட்டு எவரிடமும் சொல்லாமல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து பணம் கேட்டுத் தந்தியடித்ததும் விருந்துண்ட நண்பருக்கே! சினந்து ஓடினாலும், திரும்பிவர அழைக்கத்தக்க ஒருவர் இருந்தார்.

1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், இராமானுஜன் மறைந்தார். அவருடைய கட்டுரைகளை ஹார்டியும் மற்றிருவரும் தொகுத்து 1927-இல் வெளியிட்டனர்.

பெற்றோரே, பிள்ளையின் அறிவைப் பேணுங்கள்; அது உங்கள் கடமை. ஆனால் நட்பைப் படிப்பின் பகையாகக் கருதாதீர்கள். தோற்பதற்கும், தோற்றபின் மறுநாள் அதே தோழனோடு விளையாடச் செல்வதற்கும் எந்தப் புத்தகமும் கற்றுத் தராது. அதைச் சிறுவயதில் தெருவிலும் திடலிலும் கற்பது எளிது. பெரியவனான பின் தனி அறையில் கற்பது மிகக் கடினம்.

சென்ற ஞாயிறு மாலை அத்தந்தையின் இல்லத்திற்குச் சென்றோம். நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் மகனை விளையாட விடுமாறு கேட்டுக்கொண்டோம். நம் முந்தைய பாராட்டு அவசரப்பட்டது என்பதையும் ஒப்புக்கொண்டோம். "கெட்டுப் போய்விடுவானே, சாமி" என்று அவர் தயங்கினார். நாம் விளக்கம் சொல்லத் தொடங்கினோம். சிறுவன் அதற்குக் காத்திருக்கவில்லை. திண்ணைக்குக் கீழே குனிந்து, தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.