ஒயின் ஷாப்பில் இல்லாத ஒயின்

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். குடி குடியைக் கெடுக்கும். சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலேயே கெடுத்திருக்கிறது. 'ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாமே' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி யாரும் ஆரம்பிக்க வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. அப்புறம் எதற்கய்யா ஒயினைப் பற்றி எழுதுகிறாய் என்றால், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நமக்குச் சொந்த ஊர் கம்பம் பள்ளத்தாக்கு. பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை தொங்குகிற பூமி. 2023ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. எங்கள் அப்பாவும் ஒண்ணரை ஏக்கர் பந்தல் போட்டிருந்தார். திராட்சையை லாரியில் ஏற்றிவிட்டு, கையில் காசு வந்த அன்று நேரே போகிற இடம் ஒயின் ஷாப். திராட்சைக்காரர் ஒயின் ஷாப்புக்குப் போவது பொருத்தம்தானே என்று நினைக்காதீர்கள். அந்தக் கடையில் ஒயினைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். பிராந்தி, ரம், விஸ்கி. பெயர்ப் பலகையில் மட்டும் ஒயின். 2003ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது, ஆனாலும் ஊரில் பெருசுகள் வாயில் இன்றைக்கும் அது ஒயின் ஷாப்தான். உலகத்திலேயே ஒயின் விற்காத ஒயின் ஷாப் நம்ம ஊரில் மட்டும்தான் இருந்திருக்கும்.

அப்பா ஐம்பத்து நாலு வயதில் போய்ச் சேர்ந்தார். கல்லீரல். அதற்கு மேல் விவரம் வேண்டாம். நம் வீடுகளில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும்.

அதனால் பி.காம் முடித்து, பேங்க் வேலைக்கு வந்து, ஊர் ஊராக மாற்றலாகிக் கொச்சி மட்டாஞ்சேரியில் வந்து உட்காருகிற வரைக்கும் நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. (அமெரிக்காவில் இருக்கிற அன்பர்கள் சிரிக்க வேண்டாம். குமுளி ஏறி இறங்கினால் கொச்சிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைக்கு இரண்டாவது மொழி மலையாளம் ஆனால் அதுவும் அயலூர்தான்.) மிளகுக் குடோன்களுக்குக் கடன் கொடுத்து, சரக்கு இருக்கிறதா என்று போய் மூட்டை எண்ணுவது நம் உத்தியோகத்தில் ஒரு பகுதி. வருஷப் பிறப்புக்கு ஒரு வாடிக்கையாளர் நல்ல பெட்டியில் விஸ்கி கொண்டு வந்தார். வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. திருப்பிக் கொடுத்ததில் எனக்குக் கஷ்டமே இல்லை. அவருக்குத்தான் முகம் வாடிவிட்டது.

இப்படி இருந்தவனைக் கெடுத்தது தங்கமணியின் தம்பி. கப்பலில் இன்ஜினியர். போன தடவை நேப்பிள்ஸ் துறைமுகத்தில் நின்றபோது இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் வாங்கி வந்துவிட்டான். விமானத்தில் வருகிற ஒருவருக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் விடுவார்கள், அதற்குள்தான். "மாமா, இது உங்க மிளகு ஊருக்குப் பழைய உறவு, குடிக்காட்டியும் மோந்தாவது பாருங்க" என்றான்.

பெயர் பியெதிரோஸ்ஸோ. கியாந்தி, பரோலோ என்று சினிமாவில் கேட்ட பெயர்கள் எதுவும் இல்லை. நேப்பிள்ஸைச் சுற்றியுள்ள கம்பானியா பகுதியின் திராட்சை. பெயருக்குச் 'சிவப்புக் கால்' என்று அர்த்தம். பழுக்கிற சமயத்தில் கொத்தின் காம்பு புறாக் கால் மாதிரிச் சிவந்துவிடுமாம், உள்ளூர்க்காரர்கள் புறாக் கால் என்றேதான் சொல்கிறார்கள். அதே கம்பானியாவில் அல்யானிகோ என்று இன்னொரு திராட்சை கொஞ்சம் பெயர் பெற்றது. அது நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. பியெதிரோஸ்ஸோ அதற்குத் தம்பி மாதிரி, சாது. எங்கள் பாட்டில் வந்தது காம்பி ஃப்ளெக்ரெயி என்கிற எரிமலைப் பூமியிலிருந்து. சாம்பலும் மணலுமான மண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அந்த மணலில் வாழ முடியாததால், ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கிற கொடிகள் அங்கே இன்னும் உண்டு. பந்தல் வீட்டுப் பிள்ளைக்கு இது சுவாரசியம். உங்களுக்கு எப்படியோ.

'பழைய உறவு' என்று மச்சினன் சொன்னது பொய்யில்லை. அந்த எரிமலைப் பூமியில் இருக்கிற பொட்ஸுவோலி ஊர்தான் அந்தக் காலத்துப் புத்தியோலி. ரோமாபுரிக்குக் கிழக்குச் சரக்கு போய் இறங்கிய துறைமுகம். இந்தப் பக்கம் முசிறி. 1341ல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து முசிறி தூர்ந்து, கொச்சி அழிமுகம் திறந்தது என்பார்கள். அதாவது முசிறி மூடிய கடையின் புதுக் கிளைதான் நம்ம கொச்சி. வடக்கு பரவூர் பக்கம் பட்டணம் என்ற கிராமத்தில் 2007லிருந்து தோண்டியபோது ஆம்போரா என்கிற இரண்டு காது வைத்த ஜாடிகளின் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அதில் நிறைய கம்பானியா ஜாடிகள். களிமண்ணில் கலந்திருக்கிற கறுப்பு எரிமலை மணலை வைத்தே எந்த ஊர் என்று ராபர்ட்டா டாம்பர் போன்ற ஆய்வாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். நம்ம அரிக்கமேட்டில் 1945ல் மார்டிமர் வீலர் தோண்டியபோதும் இதே ஜாடிகள்தான்.

உடனே நம்மாட்கள் சிலர் கிளம்பிவிடுவார்கள். "பாருய்யா, சங்கத் தமிழனே இத்தாலி ஒயின் குடிச்சிருக்கான்!" என்று. புறநானூற்று 56ஆம் பாட்டில் பாண்டியனுக்கு யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது அரண்மனைப் பாட்டு. அந்தக் காலத்துக் கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளுஸ் என்ற கையேட்டில் இந்தப் பக்கத் துறைமுகங்களில் இறங்கும் சரக்குப் பட்டியல் இருக்கிறது. ஒயினும் உண்டு, ஆனால் 'அதிகம் இல்லை' என்று பக்கத்திலேயே குறிப்பு. வந்ததெல்லாம் தங்கம், போனதெல்லாம் மிளகு. வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டெர்ஸ் காசை இந்தியா உறிஞ்சுகிறது என்று பிளினி புலம்பியிருக்கிறார். ஆக சங்கத் தமிழனில் முக்கால்வாசிப் பேர் குடித்தது கள்ளுதான். பாண்டியன் குடித்தான், நானும் குடிக்கிறேன் என்பதெல்லாம் சால்ஜாப்பு. பாண்டியன் செய்த மற்ற காரியங்களை நாம் செய்கிறோமா என்ன?

(கொஞ்சம் தொழில் பேச்சு, மன்னிக்கவும். வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது, இரண்டாம் நூற்றாண்டு. ஒரு பக்கம் முசிறி வியாபாரத்துக்கான கடன் பத்திரம், மறுபக்கம் ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு. கடனைக் கட்டாவிட்டால் ஈடு வைத்த சரக்கைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்று நம்ம பேங்க் படிவம் மாதிரியே ஷரத்து. ரோமானிய அரசு கிழக்குச் சரக்குக்குப் போட்ட வரி 25 சதவீதம். நம் அரசாங்கம் வெளிநாட்டு ஒயினுக்குப் பல வருஷமாகப் போட்டு வந்த சுங்க வரி 150 சதவீதம். ரோமாக்காரன் கருணை உள்ளவன்.)

சரி, பாட்டிலுக்கு வருவோம். ஒரு மாதம் அது ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் கிடந்தது. கொச்சி வெயிலில் வெளியே வைத்தால் கெட்டுவிடும் என்று மச்சினன் எச்சரித்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கமணியே, "அப்படி என்னதான் இருக்குன்னு பார்த்துருவோம், சாப்பாட்டோட மட்டும்" என்றாள். திறந்தோம். முதல் சோதனை குடம்புளி போட்ட மீன் குழம்பு. படு தோல்வி. வாயெல்லாம் ஆணியைச் சப்பின மாதிரி இரும்பு வாடை. மிளகாய் காரமும் ஒயினும் சேர்ந்து நாக்கைப் பற்ற வைத்துவிட்டன. அதோடு விட்டிருப்போம். மறுநாள் ராத்திரி மிளகு மட்டன் சுக்கா. மிளகாயே போடாமல், மிளகு, சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு மட்டும் போட்டு அம்மா கைப்பக்குவத்தில் செய்தது. அட! ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின். கறியின் கொழுப்பை ஒயினின் புளிப்பு துடைத்துவிட்டு அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார் பண்ணுகிறது. புளிப்புச் செர்ரி மாதிரி ஒரு வாசம், பின்னால் கொஞ்சம் புகை. மிளகுக் காரம் தொண்டைக்குப் போய் ஓய்ந்துவிடுகிறது, மிளகாய் மாதிரி நாக்கில் சம்மணம் போட்டு உட்காருவதில்லை.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்ச்சுக்கீசியர்களோடு வந்து இறங்கியது. அந்த ஜாடிகள் வந்த காலத்தில் இந்தக் கரையில் காரம் என்றால் மிளகுதான். பாண்டியன் வீட்டு மெனுவில் சுக்கா இருந்திருந்தால் கிண்ணத்தில் இருந்ததோடு பொருந்தியிருக்கும். காயீஸ் மட்டன் பிரியாணி வாங்கி வந்தும் பார்த்தோம், அதுவும் காரம் கம்மியானதால் நன்றாகவே போனது. சைவ அன்பர்களுக்கு, புளி போடாத கத்தரிக்காய் வதக்கல் அல்லது மிளகுக் காளான். குடிப்பதற்கு முன் அரை மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். திறந்த பாட்டில் மூன்று நாள் தாங்கும்.

இப்போதுதான் நான் சொல்ல வந்தது. நம் ஊரில் குடிப்பது என்றால் ஒளிந்து குடிப்பது, வேகமாகக் குடிப்பது, வெறும் வயிற்றில் குடிப்பது. கட்டிங்கை வாயில் கவிழ்த்துவிட்டு, முகத்தைச் சுளித்து, ஊறுகாயை நக்கிக்கொண்டு இருட்டில் கலைகிற கூட்டம். ருசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மனைவி பிள்ளைகளுக்குத் தெரியாமல் செய்கிற எதையும் அளவாகச் செய்ய முடியாது என்பது என் அபிப்பிராயம். சாப்பாட்டு மேஜையில், தங்கமணி எதிரில், பெண் பார்க்க ஒரு கிளாஸ் வைத்துக்கொண்டால் இரண்டாவது கிளாசுக்குக் கை நீளும்போது எதிரில் ஒரு புருவம் உயரும். அதுதான் சரியான தணிக்கை.

ஆனால் 'ஒயின்தானே, லைட்டுதானே' என்கிற கணக்கு வேண்டாம். காமர்ஸ் படித்தவன் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். 180 மில்லி குவார்ட்டர் பிராந்தி, 42.8 சதவீதம் என்றால் உள்ளே 77 மில்லி ஆல்கஹால். 150 மில்லி ஒயின், பன்னிரண்டரை சதவீதம் என்றால் 19 மில்லி. ஒரு கிளாஸ் கால் குவார்ட்டர். ஆனால் ஒரு முழு பாட்டில் ஒயின் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிடும். எங்கள் வீட்டில் ஒரு பாட்டில் இரண்டு பேருக்கு மூன்று நாள். அப்புறம் மாதக் கணக்கில் ஒன்றும் கிடையாது. இறக்குமதிச் சரக்கு விலையைப் பார்த்தால் தன்னால் கிடையாது.

இதையெல்லாம் உங்களிடம் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம்தான் மாட்டினேன். பள்ளி விடுமுறைக்கு வந்தவர், கறிவேப்பிலை தேடி ஃப்ரிட்ஜைத் திறந்து, கார்க் வைத்து மூடியிருந்த கால் பாட்டிலைப் பார்த்துவிட்டார். பகல் முழுக்க ஒன்றும் பேசவில்லை. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு வந்து கேட்டார்.

"ஏப்பா, அதுவும் இதுதானே?"

தொழில்நுட்ப விளக்கம் எல்லாம் வாயில் வந்தது. விழுங்கிவிட்டு, "ஆமாம்மா, அதுதான்" என்றேன்.

"எங்க வெச்சுக் குடிப்ப?"

"சாப்பிடுறப்ப, இந்த மேசையில. அவளும் கொஞ்சம் எடுத்துக்குவா."

அம்மா கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கப்பா ஒரு நாளாச்சும் என் முன்னால உக்காந்து குடிச்சிருந்தா, ரெண்டு வாய் சோறாவது திங்க வெச்சிருப்பேன். வாரப்பவே போதையில வருவாரு. போட்டு வெச்ச சோறு காலையில வரைக்கும் அப்படியே காஞ்சு கெடக்கும்."

அனுமதி கொடுத்துவிட்டார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். "ஆனா நான் இருக்கிறப்ப எடுக்காத. அந்த வாடை எனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். இதுவும் ஒளித்து வைப்பதுதானே என்று பெண் என்னை மடக்கினாள். இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஒளிப்பது வேறு, ஒருவருக்காக எடுத்து உள்ளே வைப்பது வேறு. பெண் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

மிச்சமிருந்த கால் பாட்டிலைத் தங்கமணி மட்டன் குழம்பில் ஊற்றிவிட்டாள், அம்மா ஊருக்குப் போன பிறகுதான். இரண்டாவது பாட்டில் காய்கறித் தட்டில் அப்படியே இருக்கிறது. தீபாவளிக்கு அம்மா வருகிறார். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து நல்ல நெஞ்செலும்புக் கறியாகச் சொல்லி வைக்க வேண்டும்.