அரமும் அறமும் ஒன்றாமோ?

சாந்தோம் என்னும் ஊர்ப்பெயர், செவிக்குச் 'சார்ந்தோம்' என்னும் தமிழ் வினையின் பேச்சுவடிவு போலப் படும். ஆனால் அது தோமையாரின் பெயரால் போர்த்துகீசியர் இட்ட பெயர். ஒலியை மட்டும் நம்பிப் பொருள் கொள்வார் இவ்வாறே ஏமாறுவர்.

இவ்வேமாற்றைத்தான் இன்று குறுக்கெழுத்துப் புதிர்கள் நாள்தோறும் பரப்புகின்றன. 1913இல் நியூயார்க்கு நகரச் செய்தித்தாளொன்றில் பிறந்த விளையாட்டு அது. வரட்டும், தமிழ்ச் சொற்களைத் தேடவைப்பதை வெறுப்பானேன்? ஆயின், 'அறத்தோடு ஒத்த ஒலியுடையது, இரும்பை அராவுவது, மூன்றெழுத்து' என்று குறிப்பெழுதுகின்றனரே, அதுதான் கேடு. ஆங்கிலத்தில் இரவைக் குறிக்கும் சொல்லும் மறவனைக் குறிக்கும் சொல்லும் எழுத்தால் வேறாயினும் ஒலியால் ஒன்றே. அம்மொழியின் குறையை அவர்கள் விளையாட்டாக்கிக் கொண்டனர். நமக்கு அக்குறை ஏது? நாநுனி மேலண்ணத்தை வருடப் பிறப்பது ரகரம். ஒற்றப் பிறப்பது றகரம் எனத் தொல்காப்பியர் பிரித்துக் காட்டியுள்ளாரே!

மக்கள் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டன என்பார் உளர். குமரி மாவட்டத்தார் பேச்சைக் கேட்டபின் அவர்கள் அதனைச் சொல்லட்டும். சோம்பிய நாவின் வழுவை அச்சிலேற்றி, பிள்ளைகளுக்கு விடையென வழங்குதல் தகுமா?

ஒலியொப்புமைக்குத் தமிழில் பெயர் உண்டு, அளவும் உண்டு. இரண்டாமெழுத்து ஒன்றுவது எதுகை. அறத்துக்கு மறமும் புறமும் எதுகை. அரத்துக்கு மரமும் உரமும் எதுகை. ரகரம் இடையினம், றகரம் வல்லினம். ஆதலின் அரத்துக்கும் அறத்துக்கும் இனவெதுகை உறவுகூட இல்லை.

சாந்தோமிலிருந்து கடலோரமாக வடக்கே நடப்பவர், 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பெற்ற வீரமாமுனிவர் சிலையைக் காண்பர். இத்தாலியில் பிறந்த அவர் 1732இல் முடித்த சதுரகராதியின் நான்காம் பகுதி தொடையகராதி. சொற்களை எதுகை நோக்கி அடுக்கித் தந்தது அது. புதிர் அமைப்பார்க்கு இதனினும் நல்ல கருவி வேண்டுமோ? அயலிலிருந்து வந்தவர் தமிழின் எதுகையைக் கற்றார். தமிழராய்ப் பிறந்தோர் ஆங்கிலத்தின் ஒலி மயக்கத்தைக் கற்கின்றனர்.

இத்தனைக்கும் கட்டங்களே இம்மயக்கத்தை ஏற்பதில்லை. குறுக்கே அறமும் நெடுக்கே மறவரும் கூடுமிடத்தில் ரகரத்தை இட்டுப் பாருங்கள். மறவர் 'மரவர்' ஆகி நிற்பர்! குறிப்பெழுதுவோர் இனி இவ்வாறு எழுதலாம்: 'புறத்துக்கு எதுகை, வள்ளுவரின் முதற்பால், மூன்றெழுத்து.'